பட்டு சுற்றிய ஒயர்

அந்தக் கட்டு அழகாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கோணல்மாணலாக, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி இருந்திருந்தால், கை வைக்க யாராவது ஒருவர் யோசித்திருப்பார்கள். கட்டைவிரல் பருமனில், நடுவில் லேசாகப் பருத்து, இரு முனையிலும் படிந்து சிறுத்து, கத்தரிப்பூ நிறப் பட்டு நூலை இழைமேல் இழை ஏறாமல் சுற்றிய கட்டு அது. குழந்தை கையில் விளையாடக் கொடுக்கலாம் போலிருக்கும். அது இருந்த இடமோ தறிக்கு மேலே தொங்கிய விளக்கின் ஒயரில். அறுந்துபோன மின்சார ஒயரின் முனைகளை முறுக்கிச் சேர்த்து, அதன்மேல் பட்டு நூலைச் சுற்றி வைத்திருந்தார் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன்.

நான் வாலாஜாபாத்துக்காரி. என் அப்பா தறியை விட்டுவிட்டு அரிசி மில்லில் மோட்டார் பார்க்கும் வேலைக்குப் போனவர். அறுபதுகளின் கடைசியில் என்னைக் காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே நீளக் கூடம், அதில் இரண்டு குழித்தறி. வீட்டில் மாமியார், மூத்தார், அவர் மனைவி, என் வீட்டுக்காரர், நான். மாமனார் முன்பே போய்விட்டதால் மூத்தார் வைத்ததுதான் சட்டம். அவர் மனைவி எனக்கு ஓரகத்தி. நான் அவளை அக்கா என்றே கூப்பிட்டேன். ஐயம்பேட்டைப் பெண். இதை எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான்.

அக்காவின் சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்கும். மாமியார் அதைப் பற்றிச் சொல்லாத நாள் கிடையாது. நான் வந்து இறங்கிய அன்று தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு, காதோரம் குனிந்து, "இந்த வீட்டுலே தறி ரெண்டு, நாட்டாமை மூணு. பார்த்து நடந்துக்கோமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. புதுப்பெண் வந்ததும் வராததுமாகத் தும்முகிறாளே, சகுனம் சரியில்லையே என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். அக்கா ஒன்றும் அறியாதவள் போல என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மூத்தாருக்கு நேரெதிர் குணம். பேசமாட்டார், பேசினால் அதற்கு மறுபேச்சு இருக்கக்கூடாது.

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். மூத்தார் தறியில் அந்த இரண்டாவது ஆள் அக்காதான். குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கரைக்கான நூலைச் சுமந்து ஓடும் நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அவள் விட வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து அவர் வாங்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் அதுதான் வேலை. இடையில் எழுந்து சமைக்கவும் வேண்டும். புடவையை விலைக்கு எடுக்க வருகிறவர்கள் "அவர் நெய்தது" என்று சொல்லித்தான் எடுத்துப் போவார்கள். பாதிப் புடவை அவள் கையில் நடந்தது என்று நான் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டில் மின்சாரம் இருந்தது, ஆனால் கூடத்துச் சுவரில் ஒரே ஒரு இடத்தில். ஒரு சின்ன மரப்பலகை, அதில் ஒரு சுவிட்சு, பக்கத்தில் பிளக் சொருக இரண்டு துளை. சுவிட்சு போன மழைக்காலத்திலேயே உடைந்துவிட்டது. விளக்கு எரிய வேண்டுமானால் பிளக்கைச் சொருக வேண்டும், அணைக்க வேண்டுமானால் பிடுங்க வேண்டும். அங்கிருந்து ஒரு நீள ஒயரைக் கதவு நிலையைத் தாண்டி இழுத்து, தறிக்கால்களில் சுற்றி, உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் முனையில் பல்பு. நெய்ய நெய்ய வேலை நடக்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமாக நகருமல்லவா? அதற்கேற்ப விளக்கையும் பிடித்து நகர்த்த வேண்டும். யாருடைய வேலை அது? அக்காவுடைய வேலை. அவர் கை நாடாவில் இருக்கும்போது விளக்கை நகர்த்துகிறவள் அவள்தானே.

தறிக்கால் உரசி உரசி அந்த ஒயர் அடிக்கடி அறும். அறுந்தால் வேறு வீட்டில் ஆளைக் கூப்பிடுவார்கள், இல்லை புது ஒயர் வாங்குவார்கள். எங்கள் வீட்டில் மூத்தார் இருந்தாரே! பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளைப் பிணைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு, அவ்வளவுதான். முடிச்சே தெரியாது, இழுத்தாலும் வராது. தெருவில் எந்த வீட்டில் பாவு பிணைக்கப் போனாலும் அவருக்குத் தனி மரியாதை. "நான் போட்ட பிணைப்பு விட்டதா சரித்திரம் இல்லபா" என்பார். பொய்யில்லை. ஆனால் அந்த மனிதர் பட்டு இழைக்கும் செப்புக் கம்பிக்கும் ஒரே விரலைக் கொண்டுபோனார். அதே சாம்பல், அதே முறுக்கு. அதன்மேல் அப்போது தறியில் எந்தப் பட்டு இருக்கிறதோ அந்தக் கழிவு நூல்.

இதற்கு அவரிடம் நியாயம் வேறு இருந்தது. அந்தக் காலத்து ஒயரின் மேல் பருத்தி நூல் உறை இருக்கும். அதை என் வீட்டுக்காரரிடம் காட்டி, "கடைக்காரன் பருத்தி சுத்தி விக்கிறான், நம்ம பட்டு சுத்துறோம். எதுடா உசத்தி?" என்று கேட்டார். மாமியார் ஒருபடி மேலே போனார். "பட்டுக்குத் தீட்டு கெடையாது. தீட்டே அண்டாத நூலைக் கரண்ட்டு அண்டிடுமா?" என்றார். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு நியாயத்தை யாராவது சொல்லியிருப்பார்களா? எங்கள் ஊரில் சொன்னார்கள். சொன்னது மட்டுமில்லை, தெருவே பின்பற்றியது. மூத்தாரே பட்டு சுற்றுகிறார் என்றால் யார் கேள்வி கேட்பது? எந்த வீட்டுத் தறியில் எந்தப் புடவை ஓடுகிறது என்று ஒயரிலிருந்த கட்டின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை என்று வீட்டுக்கு வீடு மரணத்தைச் சுற்றிவைத்து அழகு பார்த்தார்கள்.

காய்ந்த பட்டு மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மைதான். அதுதான் வினை. கோடை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் அவர்கள் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது. ஆனால் குழித்தறி இருக்கிற கூடம் காய்ந்தா இருக்கும்? வெயில் காலத்தில் பட்டு இழை முறுகி அறாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்போம். மழைக்காலத்தில் குழி தானாகவே ஈரம் கசியும். வெறுங்காலோடு அந்த ஈர மண்ணில் நின்றபடி, தலைக்கு மேலே நூல் சுற்றிய ஒயரைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்தோம். மில்லில் என் அப்பா வாய் ஓயாமல் சொல்வது ஒன்றே ஒன்று: ஈரக்காலோடு மோட்டார்ப் பக்கம் போகாதே. நான் அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் தறிக்கு மேலே தனியாக ஒரு விளக்கு வைக்க ஆளைக் கூப்பிடலாமா என்று அண்ணனிடம் கேட்டார். மூத்தார் நாடாவைக்கூட நிறுத்தவில்லை. "இழை பிணைக்கிறவனுக்கு ஒயர் பிணைக்கத் தெரியாதா? உன் மாமனார் மில்லுலேர்ந்து ஆளு வரணுமா?" என்றார். என் வீட்டுக்காரர் போய்த் தன் தறியில் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுஷன், ஆனால் அண்ணன் முன்னால் அவருக்கு முதுகெலும்பு இருந்ததாக நான் பார்த்ததில்லை.

ஆடி கழிந்து மழை தலைகாட்டியபோது அக்கா ஒருநாள் தறியிலிருந்தே, "ஜரிகை கடிக்குதுமா" என்றாள். நான் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கரையில் ஓடிய ஜரிகையைத் தொட்டால் சுருக்கென்று எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று விரலை உதறிக்காட்டினாள். ஜரிகை என்பது பட்டின் மேல் சுற்றிய வெள்ளி. அந்த ஒயர் தறிக்காலில் உரசுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் கரை இழைகள் போயின. இதெல்லாம் பின்னால் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு வீடே சிரித்தது. "உன் வாயி கடிக்கிறதை விடவா?" என்றார் மாமியார். புது ஜரிகை அப்படித்தான் இருக்கும், வேலை செய்ய மனசில்லாதவளுக்கு ஜரிகைகூடக் கடிக்கும் என்றார் மூத்தார். அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டாள். ஆனால் அதற்கப்புறம் ஜரிகையைத் தொடுவதற்கு முன்னால் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொள்வாள். மறுநாளும் சொன்னாள், அதற்கடுத்த வாரமும் சொன்னாள். வீட்டில் அது ஒரு கேலிப்பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது முகம் சுளித்தால், "இன்னா, ஜரிகை கடிச்சுடுச்சா?" என்று கேட்பார்கள். ஒரு பெண் தனக்கு வலிக்கிறது என்று சொல்கிறாள், அதை ஒரு வீடே பாட்டாகப் பாடிச் சிரிக்கிறது! எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அப்போது தறியில் இருந்தது, ஒரு குடும்பத்தார் அம்மனுக்குச் சாத்துவதாக நேர்ந்துகொண்டு சொல்லியிருந்த கத்தரிப்பூ நிறப் புடவை, அரக்குக் கரை, நிறைய ஜரிகை. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்ததால் விளக்கைப் போட்டிருந்தார்கள். வாசலில் புடவை விஷயமாக யாரோ வந்து கூப்பிட, மூத்தார் குழியிலிருந்து ஏறிப் போனார். அக்கா மட்டும் தறியில். ஓடு பெயர்ந்த இடத்திலிருந்து ஒயர் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாவில் தண்ணீர் விழுந்து பட்டு கெட்டுவிடுமே என்று அவளுக்குக் கவலை. எட்டி அந்த ஒயரைப் பிடித்து நகர்த்தப் போனாள். பிடித்தது அந்த அழகான கட்டை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள். தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் கை ஒயரோடு ஒட்டிக்கொண்டு உடம்பு உதறிக்கொண்டிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. மாமியார் "ஐயோ" என்று அவளைப் பிடிக்கப் பாய்ந்தார். நான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். தொபீரென்று சுவரோரம் போய் விழுந்தார். துணி காயப்போடும் மூங்கில் கொம்பு கைக்கு வந்தது. அதை ஓங்கி ஒயரை அடித்தேன். பல்பு தறிக்கட்டையில் மோதி உடைந்தது. அக்கா அப்படியே பாவின் மேல் சாய்ந்தாள். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுத்தார்கள். ஆனால் வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரலும் வெந்து, உள்ளங்கை கருகிப்போயிருந்தது. அந்த விரல்கள் இனிமேல் பழையபடி மடங்கி நீளாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். இழை எடுக்கிற விரல் அதுதான். அவள் வழியெல்லாம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "புடவை கெட்டுடுச்சாமா? ரத்தம் பட்டுச்சா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

இதற்கப்புறம் நடந்ததுதான் அநியாயம். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, வலிக்கிறதா என்று இல்லை. "ஏண்டி, உண்மையச் சொல்லு. தூரமா இருந்துக்கினா தறியிலே ஏறுனே?" என்று கேட்டார். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தறியைத் தொடமாட்டோம், பின்கட்டில் ஒதுங்கியிருப்போம். எவள் எப்போது ஒதுங்கினாள், எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டாள் என்பது அந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் நடக்கவே முடியாது. அக்கா குளித்து உள்ளே வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார். ஏன் கேட்டார்? பட்டு தோற்காது, மகன் போட்ட பிணைப்பும் தோற்காது. அப்படியானால் தோற்றது எது? அவள் உடம்புதான் அசுத்தம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடுகிறதல்லவா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் சேர்த்து அவள் தலையிலேயே வைத்தார்கள்.

"இல்ல அத்தை, சத்தியமா இல்ல" என்றாள் அக்கா. மூத்தாரைப் பார்த்தாள். அவருக்கும் தெரியுமே, புருஷனுக்குத் தெரியாதா? அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கை அறுந்த ஒயரின் முனையைத் தேடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து சாம்பலைத் தொட்டு முறுக்கி, முன்னைவிட இரண்டு மடங்கு பட்டு சுற்றி, புதுப் பல்பு மாட்டி, ஒயரை அதே இடத்தில் தொங்கவிட்டார். பெண்டாட்டி கை வெந்து கிடக்கிறாள், இவர் பட்டு சுற்றுகிறார்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தைக்கூடக் குறை சொல்லவில்லை, கூட ஆடியவள்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி தெருவில் பரவியது. அம்மன் புடவையைத் தீட்டோடு தொட்டாள், அம்மன் காட்டிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். மாமியாரைக் கீழே தள்ளியவள் என்று எனக்கும் ஒரு பெயர் வந்தது; அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் அக்காவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தறியைக் கழுவி, தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் முன்னால், தீட்டோடு உட்கார்ந்தது என் தப்பு, பொறுத்துக்கொள் தாயே என்று தறியைத் தொட்டு அவள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஐயம்பேட்டைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்தில் அப்படி அனுப்பினால் திரும்பி வருவது லேசில் நடக்காது. அதுவும் விரல் போனவளை, தறிக்கு உதவாதவளை, யார் திரும்பக் கூப்பிடப் போகிறார்கள்? நான் அவளிடம், "சொல்லித் தொலைச்சுடுக்கா. வாயாலே ஒரு வார்த்தை தானே" என்றேன். அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுவும் போச்சு. நான் சுத்தமா இருந்தேன்னு சொல்லிக்க அதுவாவது இருக்கட்டும்மா. அதையும் நானே ஏன் குடுக்கணும்?" என்றாள். சிரிக்காமல் அவள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமியார் கூடத்தைக் கழுவிவிட்டு, மஞ்சள் தண்ணீரைத் தறிமேலும் குழிக்குள்ளும் அக்காவின் தலையிலும் தெளித்தார். மழை மூட்டத்தில் வெளிச்சம் போதவில்லை என்று விளக்கையும் போட்டிருந்தார்கள். தரை ஈரம், குழி ஈரம், ஆட்கள் ஈரம், தலைக்கு மேல் அந்தக் கட்டு. இரண்டு பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தார் குளித்து விபூதி பூசி ஓரமாக நின்றார். என் வீட்டுக்காரர் வாசல்படியில். "உம், சொல்லுமா, சீக்கிரம் முடிச்சுக்கலாம்" என்றார் ஒரு பெரியவர், பஸ்ஸுக்கு நேரமாகிறவர் போல.

அக்கா குழி ஓரத்தில் நின்றுகொண்டு புருஷனைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவேயில்லை. "தீட்டுக்காரியத்தான் கரண்ட்டு அடிக்கும், சுத்தமானவங்கள அடிக்காதுன்னு அத்தை சொல்றாங்க. நீங்களும் வாயைத் தொறக்காம இருக்கீங்க. சரி. நீங்க குளிச்சு விபூதி பூசிக்கினு சுத்தமாத்தானே இருக்கீங்க? கட்டும் நீங்க போட்டது. குழியிலே எறங்கி அந்தக் கட்டை ஒருவாட்டி கையாலே புடிங்க. ஒண்ணும் ஆவலேன்னா, நீங்க சொல்லச் சொல்றதை நான் சொல்றேன்."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார், "புருஷனையே சோதிக்கிறாளே, அடி பாவி" என்று கத்தினார். மூத்தார் நடந்தார். தறிப்பக்கம் இல்லை, சுவர்ப்பக்கம். போய்ப் பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டார். விளக்கு அணைந்து கூடம் மங்கியது. திரும்பி வந்தார், குழியில் இறங்கினார், கையை உயர்த்தி அந்தக் கட்டைப் பிடித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்டினார். "இந்தா, புடிச்சுட்டேன்" என்றார்.

"பார்த்தியாடி! என் புள்ள கையை ஏதாவது பண்ணுச்சா?" என்றார் மாமியார். பெரியவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அவர் சுவருக்குப் போனதை அத்தனை பேரும் பார்த்தார்கள். விளக்கு அணைந்ததையும் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவருக்குத் தெரிந்திருக்கிறது! பட்டு தடுக்காது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறை கட்டுப் போட உட்காரும்போதும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். நானே எத்தனை முறை பார்த்திருக்கிறேன், யோசிக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அந்தக் கட்டைத் தொட்டு நகர்த்துகிறவள் அந்த வீட்டில் அக்கா ஒருத்திதான்.

மூத்தாரோடு நேருக்கு நேர் பேசுவது எங்கள் வழக்கத்தில் கிடையாது. அவர் வந்தால் கதவு மறைவுக்குப் போய்விட வேண்டும். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சுவரோரம் போய், கீழே கிடந்த பிளக்கை எடுத்தேன். துளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மாமா, இப்ப சொருவட்டுமா?" என்று கேட்டேன்.

பாம்பைத் தொட்டவர் போல அவர் ஒயரை உதறினார். குழியிலிருந்து தாவி ஏறின வேகத்தில் பாவு இழைகள் சில அறுந்தன. ஒருநாளும் ஓர் இழையை அறவிடாத மனிதர். பாயில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேரும் எழுந்து செருப்பைத் தேடினார்கள். மாமியார் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்தபடியே நின்றார். அக்கா மட்டும் என்னைப் பார்த்து, "அதைக் கீழே வையிமா, உனக்குக் காலு ஈரமா இருக்குது" என்றாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய், இடது கையால் அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.

ஐயம்பேட்டைப் பேச்சு அதோடு நின்றது. தீட்டு என்ற பேச்சும் நின்றது. மூத்தாரே போய் ஆளைக் கூட்டிவந்து, தறிக்கு மேலே சுவரோடு சேர்த்து ஒயர் இழுத்துத் தனி விளக்கு வைத்தார். அவ்வளவுதான். தப்பு என்மேல் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை, மாமியாரும் சொல்லவில்லை. தெருவில் மற்ற வீடுகளில் பட்டுக் கட்டுகள் இன்னும் பல மழைக்காலங்களுக்கு அப்படியே தொங்கின. அக்கா மறுபடி கோர்வைக்கு உட்காரவேயில்லை. சோறு பிசையவும் இடது கைதான். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கல்யாணப் பந்திகளில் உட்காரமாட்டாள். சிரிப்பு மட்டும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது, ஆனால் தெருக்கோடி வரைக்கும் கேட்கவில்லை.

இப்போது பேரன் வீட்டில் இருக்கிறேன். நல்ல படிப்பு, நல்ல உத்தியோகம். கூடத்திலிருந்து குளியலறைக்கு நடைவழியில் ஒரு நீள ஒயர் கிடக்கிறது, அதன் முனையில் ஒரு பெட்டி, அதில் ஹீட்டர், வாஷிங் மெஷின், போன் என்று எல்லாவற்றையும் சொருகியிருக்கிறார்கள். நடுவில் எங்கேயோ பிய்ந்து, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. நான் கத்தினால், "ஆயா, ஒண்ணும் ஆவாது, ரொம்ப நாளா அப்படித்தான் இருக்குது" என்கிறான். போன வாரம், "அப்படியா கண்ணு, அந்த டேப் சுத்துன எடத்தைக் கொஞ்சம் கையாலே புடிச்சுக் காட்டு" என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்தான். நேராகப் போய் முதலில் சுவிட்சை அணைத்தான்.

அந்த ஒயரை ஒதுக்கி ஒதுக்கி, ஈரத் துணியோடு தினமும் அந்த நடைவழியைத் துடைக்கிறவள் அவன் மனைவி. அவள் துடைக்கும்போது சுவிட்சை யாரும் அணைப்பதில்லை.